காணாமற் போன கோப்பும் தேடித் தரும் கருவியும்

நொத்தாரிசு ஒருவருடைய கந்தோரில் ஒரு காலை வேளை. வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் வாயிலண்டையிற் கதிரையில் அமர்ந்திருக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய கணவர் முடித்த காணி உறுதியொன்று இடம்பெயர்வின்போது தொலைந்துபோயிற்று. அதன் இலக்கமும் திகதியும் தெரிந்தாற் போதும். காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெற்றுக்கொள்ளலாம். அவ்விரண்டும் அந்தக் கந்தோரின் மேசைக் கணினியில், அன்று தட்டெழுதிய வரைவில் இருத்தல் வேண்டும். இலிகிதர் கணினியின் தேடற் பெட்டியில் 'இலுப்பையடி வளவு' என்று காணியின் பெயரை எழுதுகிறார். கணினி சற்று நேரம் தாமதித்து, அவ்வாறான கோப்பு எதுவும் இல்லை என்று விடை பகர்கிறது.

'இல்லை' என்னும் இந்த விடையே ஆராய்தற்குரியது. கோப்பு மெய்யாகவே இல்லாமையால் வந்த விடையா, தேடிய கருவி பார்க்கவேண்டிய இடத்தைப் பாராமையால் வந்த விடையா என்பதைக் கணினி சொல்வதில்லை. அலுமாரியில் ஒரு தட்டை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டிலேயே அப்பொருள் இல்லை என்று அடித்துச் சொல்லும் வேலையாளைப் போன்றது அது. ஆகவே தேடற் கருவியொன்றைத் தெரிந்தெடுப்போர், அது எத்துணை விரைவாக விடை தருகின்றது என்பதை மாத்திரம் நோக்குதல் போதாது. அது எதைப் பார்க்கின்றது, எதைப் பாராமல் விடுகின்றது என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

கோப்பைத் தேடுவோர் பெரும்பாலும் இரண்டிலொன்றை அறிந்திருப்பர். ஒன்று, கோப்பின் பெயர். மற்றொன்று, கோப்பின் உள்ளே எழுதப்பட்டுள்ள ஒரு சொல். இவை ஒரே வேலைபோலத் தோன்றினும் கணினிக்கு இரண்டும் முற்றிலும் வேறு. பெயரைத் தேடுவது தபாற்காரர் கடிதங்களின் மேல்விலாசத்தைப் பார்ப்பது போன்றது. உள்ளடக்கத்தைத் தேடுவதோ ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்து வாசிப்பதை ஒக்கும். முன்னதற்கென்று அமைந்த கருவியைப் பின்னதற்கு ஏவிவிட்டு, அது பயனற்றது என்று குறைகூறுவோர் பலர்.

யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் 1973ஆம் ஆண்டளவிலேயே இவ்விரு வேலைகளுக்கும் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. பெயரைத் தேடுவதற்கு 'ஃபைன்ட்', உள்ளே உள்ள சொல்லைத் தேடுவதற்கு 'கிரெப்'. பின்னது கென் தொம்சன் ஆக்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்விரண்டும் இன்றும் லினக்ஸ் கணினிகளில் நாளாந்தம் பயன்படுகின்றன. பொதுமக்களுடைய மேசைக்கு இவ்வசதி நல்ல முறையில் வந்து சேர்ந்தது மிகப் பிந்தியே. 2004ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் கூகுள் டெஸ்க்டொப் என்னும் கருவியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஏப்பிரிலில் அப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் ஸ்பொட்லைட்டைச் சேர்த்தது. 2007இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் தேடலை இயங்குதளத்தோடு இணைத்தது. கூகுள் டெஸ்க்டொப்போ 2011இல் நிறுத்தப்பட்டது. அதனையே நம்பியிருந்தோர் வேறு கருவி தேடவேண்டியவராயினர். தேடித் தரும் கருவியையே தேடவேண்டி வந்தமை ஒரு வேடிக்கைதான்.

விண்டோஸ் கணினியில் பெயரால் தேடுவதற்கு, வொயிட்ரூல்ஸ் வெளியிடும் 'எவ்ரிதிங்' என்னும் சிறு மென்பொருளுக்கு நிகரானது அரிது. இது இலவசமானது. பெட்டியில் எழுத்துகளை இட இடவே பட்டியல் குறுகிக்கொண்டு வரும். முழுப் பெயரையும் எழுதி முடிக்குமுன் கோப்பு கண்முன் நிற்கும். இவ்விரைவின் மர்மம் எளிது. 1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்.ரி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை, வட்டிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவை வைத்துக்கொண்டு, அப்பதிவுகளையெல்லாம் ஒரு தலைமை ஏட்டில் சேர்த்து வைக்கின்றது. வேறு கருவிகள் கோப்புறை கோப்புறையாகப் படியேறி இறங்குகையில், எவ்ரிதிங் அந்தத் தலைமை ஏட்டையே நேராக வாசித்துவிடுகின்றது. பின்னர் நிகழும் மாற்றங்களையும் முறைமையே எழுதிவரும் நாட்குறிப்பிலிருந்து அறிந்துகொள்கின்றது. பத்து இலட்சம் கோப்புகளைப் பட்டியலிட ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும் என்பது அதனை ஆக்கியோர் கூற்று.

ஆயினும் அதற்கும் எல்லையுண்டு. தலைமை ஏட்டை வாசிப்பதற்கு நிருவாகி உரிமை வேண்டும். அன்றேல் பின்னணிச் சேவையாக அதனை நிறுவுதல் வேண்டும். பொதுக் கந்தோர்க் கணினிகளில் இதற்கு அனுமதி கிடைப்பது எப்பொழுதும் எளிதன்று. பென்டிரைவ்கள் பெரும்பாலும் வேறு கோப்பு முறைமையில் அமைந்திருக்கும். வலையமைப்பில் உள்ள வட்டுகளின் ஏடோ கைக்கு எட்டாது. இவற்றைப் பட்டியலிற் சேர்க்கும்படி தனியே கட்டளையிட்டாலன்றி அவை கணக்கில் வரமாட்டா. எல்லாவற்றிலும் முக்கியமானது, எவ்ரிதிங் தன் வழக்கமான அமைப்பில் பெயர்களையே அறியும். உள்ளே இருப்பதைத் தேடச் சொல்லிப் பணிக்கலாம்; ஆனால் அப்போது அதன் புகழ்பெற்ற வேகம் இராது.

விண்டோஸின் சொந்தத் தேடல் வேறு வழியில் இயங்குவது. அது கணினி ஓய்ந்திருக்கும் வேளைகளிற் கோப்புகளைத் திறந்து வாசித்து, நூலின் இறுதியிற் காணப்படும் சொல்லடைவைப் போன்ற ஓர் அடைவைத் தயாரித்து வைக்கின்றது. கேட்டவுடன் அடைவைப் புரட்டி விடை தருகின்றது. குறை யாதெனில், அதன் வழக்கமான அமைப்பில் பயனருடைய ஆவணக் கோப்புறைகள், மேசைத்தளம் முதலிய சில இடங்களே அடைவிற் சேரும். 'டீ' என்னும் எழுத்தால் அறியப்படும் இரண்டாம் பிரிவில் பழைய கோப்புகளையெல்லாம் கொட்டி வைப்பது கந்தோர்களின் வழக்கம். அப்பிரிவு அடைவில் இல்லை. இலிகிதருக்குக் கிடைத்த 'இல்லை' என்னும் விடைக்கு இதுவே முதற் காரணம். 2019ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து கணினி முழுவதையும் அடைவிற் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. அதனைப் பயனர்தாம் தேடற் பகுதியின் அமைப்புகளிற் சென்று தெரிவுசெய்தல் வேண்டும்.

உள்ளடக்கத்தைத் தேட வேறு கருவிகளும் உள. டொக்பெச்சர், றிகோல் ஆகிய இரண்டும் சொல்லடைவு அமைப்பவை. எந்தக் கோப்புறையை அடைவாக்குவது என்பதைப் பயனரே குறித்துக் கொடுக்கலாம் என்பது இவற்றின் நன்மை. றிகோல் லினக்ஸ் பயனரிடையே நன்கு அறிமுகமானது. 'ஏஜென்ற் ரான்சாக்' என்பதோ அடைவு ஒன்றும் வைப்பதில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் குறித்த கோப்புறையிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். இதனால் தாமதம் உண்டு; பெரிய வட்டொன்றைத் துருவி முடிக்குமுன் ஒரு தேநீர் அருந்தி வரலாம். ஆனால் அடைவு பழையதாகிப் போயிற்றோ, இக்கோப்பு அடைவிற் சேர்ந்ததோ என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. எப்போதாவது ஒரு முறை தேடுவோர்க்கு இத்தாமதம் பொருட்டன்று. நாள்தோறும் பத்துத் தடவை தேடுவோர்க்கே அடைவு வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு இவையனைத்துக்கும் மேலாக ஓர் இடர் உண்டு. அதனைக் கருவிகளை ஒப்பிடும் கட்டுரைகள் எதிலும் காண்பது அரிது. இலங்கையிற் கணினித் தட்டெழுத்துப் பரவிய காலத்திற் கந்தோர்களும் அச்சகங்களும் பெரிதும் கையாண்டது பாமினி என்னும் எழுத்துரு. அதில் எழுதப்பட்ட கோப்பு கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் எழுதினால் வட்டிற் பதிவது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. 'இலங்கை' என்ற சொல் காற்புள்ளியிலே தொடங்கும். ஏனெனில் இகரம் அமர்ந்திருப்பது காற்புள்ளியின் விசையில். இன்று தேடற் பெட்டியில் ஒருங்குறித் தமிழில் எழுதப்படும் 'இலுப்பையடி'க்கும், அன்று பாமினியில் எழுதப்பட்ட 'இலுப்பையடி'க்கும் கணினியின் கணக்கில் ஓரெழுத்துக்கூட ஒற்றுமையில்லை. எத்துணை விலையுயர்ந்த கருவியும் இங்கே 'இல்லை' என்றே சொல்லும்.

இதற்கு ஒரு மாற்றுண்டு. தேடவேண்டிய சொல்லை ஒரு சொற்செயலியிற் பாமினியிலே தட்டெழுதி, அதனைப் பிரதிசெய்து தேடற் பெட்டியில் ஒட்டுதல் வேண்டும். பெட்டியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றும். அதைக் கண்டு மருள வேண்டியதில்லை. இவ்வகைத் தேடலுக்குச் சொல்லடைவுக் கருவிகள் பொதுவாகப் பொருந்துவன அல்ல. அவை காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் சொற்களைப் பிரிக்கும் குறிகளாகக் கருதித் தள்ளிவிடும். பாமினியிலோ அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. அதைத் தள்ளினாற் சொல் சிதைந்துபோகும். எழுத்தை எழுத்தாகவே ஒப்புநோக்கும் ஏஜென்ற் ரான்சாக் போன்ற கருவியே இதற்கு உகந்தது. புதுமையில்லாத, விரைவில்லாத ஒரு கருவி தமிழ்க் கந்தோருக்கு அதிகம் பயன்படுவது இவ்விடத்திலேதான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனிக்கும்படி பணித்தலும் வேண்டும். பாமினியில் இகரக் குறியும் ஈகாரக் குறியும் ஒரே விசையின் சிறிய, பெரிய எழுத்துகளாய் நிற்பன.

ஒருங்குறிக் கோப்புகளிலும் சிறு பொறிகள் உண்டு. 'கௌரி' என்ற பெயரை முறையான ஔகாரக் குறியோடு எழுதுவோரும் உளர். எகரக் குறியை இட்டு அதன் பின் ளகர எழுத்தைத் தட்டுவோரும் உளர். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தேடலில் ஒன்று மற்றொன்றைக் காட்டிக்கொடாது. இரு விதமாயும் தேடுதல் நன்று. இனி, ஸ்கான் செய்து வைத்த உறுதிகளும் கடிதங்களும் கணினிக்கு வெறும் படங்கள். எழுத்துணரி மென்பொருளால் அவற்றிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தாலன்றி, எக்கருவியும் அவற்றினுள்ளே ஒரு சொல்லையும் காணாது. டெசரக்ட் என்னும் இலவச எழுத்துணரி தமிழையும் வாசிக்கும். எனினும் மங்கிய தட்டச்சுத் தாள்களில் அது செய்யும் பிழைகளை மனிதக் கண்ணே திருத்தவேண்டியிருக்கும்.

சொல்லடைவைப் பற்றிய மற்றொரு செய்தியையும் கந்தோர் நடத்துவோர் கருத்திற் கொள்ளுதல் நன்று. அடைவு என்பது கோப்புகளின் சாரமான மறுபிரதி. கோப்பை அழித்தவுடன் அடைவிலுள்ளதும் அக்கணமே அழிந்தது என்று கொள்ள முடியாது. 2006ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த கூகுள் டெஸ்க்டொப்பின் மூன்றாம் பதிப்பில், ஒரு கணினியின் கோப்புகளை மற்றொரு கணினியிலிருந்து தேடும் வசதி ஒன்று இருந்தது. அதனை இயக்கினாற் கோப்புகளின் எழுத்துப் பகுதி கூகுளின் வழங்கிகளுக்குப் பிரதிசெய்யப்படும். அமெரிக்காவின் எலெக்ரோனிக் புரொன்டியர் பவுண்டேசன் அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்று அப்போதே எச்சரித்தது. பிறருடைய உறுதிகளையும் மரணசாசனங்களையும் காக்கும் பொறுப்புடையோர், அடைவு எங்கே வைக்கப்படுகின்றது என்பதைக் கேட்டறியாமல் எக்கருவியையும் நிறுவலாகாது.

கருவியைத் தெரிந்தெடுக்குமுன் அதனைச் சோதித்துப் பார்க்க அதிக நேரம் வேண்டியதில்லை. இருக்குமிடம் நன்கு தெரிந்த சில கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம்: இரண்டாம் பிரிவில் ஆழ்ந்து கிடப்பது ஒன்று, பாமினியில் எழுதியது ஒன்று, பென்டிரைவில் உள்ளது ஒன்று. இவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கருவியைப் பணித்தால் அதன் இயல்பு புலனாகும். இருப்பது தெரிந்த கோப்பையே 'இல்லை' என்னும் கருவி, தெரியாத கோப்பைப் பற்றிச் சொல்லும் 'இல்லை'யை எவரும் நம்பார்.

அந்த இலிகிதர் முதலில் எவ்ரிதிங்கை நாடினார். பயனில்லை, கோப்புக்குக் காணியின் பெயர் இடப்பட்டிருக்கவில்லை. பின்னர், 'இலுப்பையடி' என்பதைப் பாமினியிற் தட்டெழுதி, ஏஜென்ற் ரான்சாக்கில் ஒட்டி, டீப் பிரிவு முழுவதையும் பார்க்கும்படி பணித்தார். பெண்மணிக்குத் தேநீர் வந்தது. அவர் அருந்தி முடிக்குமுன் திரையில் ஒரு வரி தோன்றிற்று. முன்னர் இருந்த தட்டெழுத்தாளர் பெயரிடச் சோம்பி, 'நியூ போல்டர் மூன்று' என்று விட்டுச்சென்ற கோப்புறையினுள்ளே வரைவு கிடந்தது. இலிகிதர் உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். பெண்மணி அதனை நான்காக மடித்துக் கைப்பையினுள் வைத்துக்கொண்டு, காணிப் பதிவகம் எத்தனை மணிக்கு மூடப்படும் என்று கேட்டார்.