யாருக்காக விரைகிறோம்?



பாப்பிரெட்டிப்பட்டியில் விடியும் முன்னே, சேர்வராயன் மலையடிவாரச் சாலைகளில் நம் இளைஞர்கள் ஓடுவதைப் பார்க்கிறோம். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். சற்றுப் பிந்தினாலும் வாய்ப்பு போய்விடும்.

நம் மாவட்டத்து மலைகளில் இன்னோர் ஓட்டமும் உண்டு. சாலை எட்டாத ஊர்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து விரைவார்கள். கல்லும் முள்ளுமான சரிவு அது. முன்னே போகிறவர் பின்னே வருகிறவரின் நடைக்கேற்ப அடி வைக்க வேண்டும். தனியாக முந்தினால் சுமை சாய்ந்துவிடும்.

அன்னை மரியாவும் யூதேயா மலைநாட்டுக்கு விரைந்தார் (லூக்கா 1:39). பரிசுக்காக அல்ல, முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்துக்காக. ஏறக்குறைய மூன்று மாதம் உடன் தங்கினார். கல்லறைக்கு ஓடிய இரு சீடருள் முந்திச் சேர்ந்தவர், பேதுரு வரும்வரை உள்ளே நுழையவில்லை (யோவான் 20:4-6).

நாம் யாருக்காக விரைகிறோம்? ஓட்டத்தில் தோற்றுத் திரும்பும் பிள்ளையை வீட்டில் எந்த முகத்தோடு வரவேற்கிறோம்? பிந்தியவருக்காகக் காத்திருக்கும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.