முகம் கொடுத்துப் பேசுங்கள்!

(வணிகர்கள், இளைஞர்களுக்கான தர்பியா முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

காலையில் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்புகிறோம். 'அத்தா' என்று பிள்ளை ஓடி வருகிறது. நம் கண்ணோ செல்போனில்! வாட்ஸ்அப்பில் சரக்கு ஆர்டர், ஜமாஅத் குரூப்பில் சர்ச்சை. பிள்ளை சொல்வதற்கெல்லாம் 'ம்... ம்...' என்கிறோம். அது நம் தாடையைப் பிடித்துத் திருப்புகிறது. சமுதாயப் பணி என்று சொல்லிக்கொண்டு எங்களைப் போன்றவர்களும் இதே தவறைச் செய்கிறோம்.

அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு சோதனை நடத்தினார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிய தாய், திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடங்கள் அமர்ந்திருந்தார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது, சத்தமிட்டது. பலனில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. அந்தச் சோதனையை இன்று நாம் தினமும் வீட்டில் நடத்துகிறோமே, சிந்திக்க வேண்டாமா?

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஒரு மோதிரம் அணிந்திருந்தார்கள். பார்வை ஒருமுறை மோதிரத்திலும் மறுமுறை தோழர்களிடமும் செல்வதால் தம் கவனம் சிதறுவதாகச் சொல்லி, அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். நஸயீயில் பதிவாகியுள்ள செய்தி இது. ஸஜ்தாவில் பேரன் முதுகில் ஏறியபோது, அவர் இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டினார்கள். ஆட்சித் தலைவரான அவர்களுக்கு நம்மைவிட வேலை குறைவா?

இடஒதுக்கீட்டுக்காக வீதியில் நின்றோம். 2007ல் தமிழகத்தில் 3.5 சதவீதம் கிடைத்தது. அந்த இடத்தில் போய் அமர வேண்டிய பிள்ளை, பேச்சையும் துணிவையும் முதலில் கற்பது தாய் தந்தையின் முகத்தைப் பார்த்துத்தான். அந்த முகத்தை நாம் மறைக்கலாமா?

'வியாபாரமே செல்போனில்தானே நடக்கிறது?' என்பீர்கள். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னால் வியாபாரத்தை விட்டு விரைகிறோம். அதனால் ரிஸ்க் குறைந்துவிட்டதா? வீட்டுக்குள் நுழைந்ததும் செல்போனை அலமாரியில் வையுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஸஹனில் சாப்பிடுங்கள். அவசர அழைப்பு வந்தால், 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள், சொன்னபடி வாருங்கள். வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களே! உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கிடைப்பதே செல்போனில்தான். அந்த நேரத்திலாவது வேறு வேலை பார்க்காதீர்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் தந்த அமானிதம். மறுமையில் விசாரணை உண்டு. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!