பூரமா, பூராடமா?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்யப் போன் போடுகிறீர்கள். எடுப்பது குருக்களின் பிள்ளை. நட்சத்திரம் பூரம் என்கிறீர்கள். "பூரம், சிம்ம ராசி, சரிதானே?" என்று திருப்பிச் சொல்கிறார். சரிதான். ஆனால் சங்கல்பம் செய்துவைக்கப் போகிற அவருடைய அப்பாவின் காதில் அது பூராடம் என்று விழுந்தால்?

விமானத்திலும் இதே வழக்கம்தான். தரையிலிருந்து உயரம் சொல்வார்கள். மேலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும்.

1996 நவம்பர் 12. டெல்லியிலிருந்து சவூதி விமானம் ஏறுகிறது. கஜகஸ்தான் விமானம் இறங்குகிறது. போக, வர அன்றைக்கு ஒரே வழி. ஏறுகிறவர் 14 ஆயிரம் அடியில் நிற்கணும். இறங்குகிறவர் 15 ஆயிரத்தில் நிற்கணும். கஜகஸ்தான் விமானத்திலிருந்து பதில் சொன்னவர் ரேடியோ ஆபரேட்டர். ஓட்டியவர் வேறு. பேசியவர் முன்னால் உயரம் காட்டும் மீட்டர்கூடத் தனியாகக் கிடையாது; விமானிகளின் தோளுக்கு மேல் எட்டித்தான் பார்க்கணும். வாய் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. விமானம் 15 ஆயிரத்தில் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே போனது.

ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதல். 349 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் வேலைக்குப் புறப்பட்ட நம் நாட்டுக்காரர்கள்.

அதன் பிறகுதான் டெல்லியில் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று பிரித்தார்கள். இன்னொரு விமானம் நெருங்கினால் 'ஏறு', 'இறங்கு' என்று விமானியிடமே நேராகச் சொல்லும் கருவியையும் இந்தியா கட்டாயமாக்கியது. நடுவில் ஆள் இல்லை.