மாலையில் திரும்பி வந்த வலி



நீண்ட நாள் வலிக்கு ஊசி வழிச் சிகிச்சைகள் பற்றி இந்த அரங்கில் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் அல்ல. கேள்வி கேட்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான், கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்ட கதை இது.

என் பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். கீழ்முதுகில் வலி. ஸ்கேனில் வயதுக்குரிய தேய்மானம்தான் தெரிந்தது. ‘வயசாச்சு’ என்று நாங்களும் தைலம் வாங்கிக் கொடுத்தே இரண்டு வருடத்தை ஓட்டினோம். 3 மாதத்தைத் தாண்டிய வலியை நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், 2022ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த பதிப்பில், அதற்குத் தனி இடமே தந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில்தான் இடம் தரவில்லை.

கடைசியில் வலி சிகிச்சை கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்தபடி முதுகில் ஊசி போட்டார்கள். காலையில் நிமிர்ந்து நடந்தார். வீடு கூட்டினார். மாலையில் வலி திரும்பியது. “ஏமாத்திட்டாங்கடி” என்று அழுதார். எனக்கும் கோபம்தான்.

மறுவாரம் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: அது சிகிச்சையே இல்லை, சோதனை! முதுகெலும்பின் பின்புறம் சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. அவற்றின் வலியைச் சுமந்து செல்லும் மெல்லிய நரம்பை மரத்துப்போகச் செய்வார்கள். சில மணி நேரம் வலி நன்றாகக் குறைந்தால், குற்றவாளி அகப்பட்டான் என்று பொருள். குறையவில்லை என்றால் அந்த நரம்பைச் சுட்டும் பயனில்லை. ‘இந்த ஊசி குணப்படுத்தவா, கண்டுபிடிக்கவா?’ என்று முன்பே நான் கேட்டிருந்தால் அந்த ஓர் இரவு அழுகை மிச்சம்.

பிறகு ரேடியோ அலை ஊசியின் நுனியை ஏறக்குறைய 80 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒன்றரை நிமிடம் வரை அந்த நரம்பைச் சுட்டார்கள். கால் விழுந்துவிடுமோ என்று பெரியம்மா பயந்தார். அது காலை இயக்கும் நரம்பு அல்ல. ஆனால் சுட்ட நரம்பு மீண்டும் வளரும். ஆறு மாதமோ, ஒரு வருடமோ, சிலருக்கு அதற்கு மேலுமோ நிம்மதி. பிறகு திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

முதுகு சரியானதும் பெரியம்மா, “பாதம் எரியுதே, அதையும் சுடச் சொல்லு” என்றார். அதுதான் நடக்காது. அது இனிப்பு நீர் நோய் கெடுத்த நரம்பின் எரிச்சல். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் நூற்றுக்கு 31 பேருக்கு இந்நோய் இருந்ததால், பல வீடுகளில் இது கேட்கும் குரல். இதற்கு முதலில் சர்க்கரைக் கட்டுப்பாடு, பிறகு பிரிகாபலின், டுலோக்செட்டின் போன்ற மாத்திரைகள்.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு முதுகுத்தண்டுத் தூண்டுகருவி உண்டு. 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள், முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு கதவு இருப்பதாகச் சொன்னார்கள். 1967இல் நார்மன் ஷீலி அங்கே மின்முனை வைத்துப் பார்த்தார். நீரிழிவு நரம்பு வலிக்கு இப்படியொரு கருவியை 2021இல் அமெரிக்கா அனுமதித்தது. விலை பல்லாயிரம் ரிங்கிட். அங்கும் சோதனைதான் முதலில். சில நாள் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, வலி பாதியாவது குறைந்தால்தான் பேட்டரியை உடலுக்குள் வைப்பார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். சில ஊசிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அடுத்த சில நாள் சர்க்கரை ஏறும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பதினான்கு மாதம் கழித்துப் பெரியம்மாவுக்கு முதுகு வலி திரும்பியது. மறுபடி சோதனை ஊசி. இந்த முறை அவர் அழவில்லை. சமையலறை நாள்காட்டியில் மணிக்கொரு முறை பத்துக்கு எத்தனை வலி என்று எழுதினார். காலை பத்து மணிக்கு இரண்டு. மாலை ஐந்துக்கு ஏழு. அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டுதான் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டார்.