தாயையும் சேயையும் பிரிக்காத வார்டு

செவிலியர் தினத்தையொட்டி, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் நடந்த ஒரு ஆராய்ச்சியைப் பற்றி மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாயும் மைக்ராஸ்கோப்பும் நினைவுக்கு வரலாம். இந்த ஆராய்ச்சி கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. எடை குறைந்து பிறந்த குழந்தையை முதலில் எங்கே படுக்க வைப்பது? வார்மரிலா, அம்மாவின் மார்பிலா?

இதன் தொடக்கம் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரம். ஆண்டு 1978. அங்கே ஒரு மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகள், ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கிருமித்தொற்று. எட்கர் ரே என்ற மருத்துவர், குறைமாதக் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிவிடச் சொன்னார். அதுதான் இன்று நாம் சொல்கிற கங்காரு தாய் பராமரிப்பு. இல்லாத குறைக்கு வந்த வழி என்பதால், இதை ‘ஏழைகளின் இன்குபேட்டர்’ என்று கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தவர்களும் உண்டு.

இந்த முறை உலகம் முழுக்கப் பரவியபோதும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. குழந்தையின் உடல்நிலை சீரான பிறகுதான் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அதுவரை குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், அம்மா வேறொரு வார்டில். ஆனால் எடை குறைந்த குழந்தைகளில் பல, அந்த முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. சீராகும் வரை காத்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு இந்தப் பராமரிப்பு போய்ச் சேரவே சேராது, இல்லையா?

இதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் 2020 வரை ஐந்து நாடுகளில் சோதித்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா. நம் நாட்டில் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பாதிக்குப் பழைய முறை. இன்னொரு பாதிக்கு, பிறந்த கொஞ்ச நேரத்திலேயே அம்மாவின் மார்பு. இவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளில் சராசரியாக 17 மணி நேரம் அப்படியே இருந்தார்கள். பழைய முறையில் இருந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது சுமார் ஒன்றரை மணி நேரம்.

28 நாள் முடிவில் பழைய முறையில் 100க்கு 15.7 குழந்தைகள் இறந்திருந்தன. புதிய முறையில் 12. உடல் குளிர்ந்துபோவதும் கிருமித்தொற்றும்கூடக் குறைந்தன. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் பாதிக் குழந்தைகளைப் பழைய முறையில் வைத்திருப்பது நியாயமில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றியது. பிறந்தவுடனே தொடங்கலாம், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். ஏழை நாடு, பணக்கார நாடு என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும்.

செவிலியர் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எண்களைவிட, அந்த வார்டு எப்படி நடந்தது என்பதுதான். நம் மருத்துவமனைகளில் பிரசவம் பார்க்கிற செவிலியர் வேறு, குழந்தையைப் பார்க்கிற செவிலியர் வேறு, மாடியும் வேறு. அம்மா குழந்தையோடு இருந்தால் அவருக்கு ரத்த அழுத்தம் யார் பார்ப்பது? தையல், உதிரப்போக்கு? அந்த ஐந்து இடங்களிலும் தாய்க்கான கட்டிலையே குழந்தைப் பிரிவுக்குள் போட்டு, தாயின் சிகிச்சையையும் அங்கேயே கொடுத்தார்கள். மூச்சுக்கு உதவும் கருவி மாட்டியிருக்கும்போதும் குழந்தை மார்பிலேயே இருந்தது. கட்டில் போட்டால் மட்டும் போதாது. கழிப்பறை வேண்டும், சாப்பாடு வேண்டும், கூடுதல் செவிலியரும் வேண்டும். இது செலவில்லாத வைத்தியம் என்று சொல்பவர்கள் இந்தப் பட்டியலை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நம் வீடு. ‘பச்ச உடம்புக்காரி, அவளைப் போய் நாள் முழுக்க சுமக்கச் சொல்றீங்களே’ என்று பாட்டிமார் கேட்பது எனக்குத் தெரியும். சுமக்க வேண்டாம்மா, சாய்ந்து படுத்துக்கொள்ளலாம். அம்மா குளிக்கப் போகும்போதோ, சிசேரியன் வலியில் இருக்கும்போதோ அந்தப் பாட்டியே மார்பில் போட்டுக்கொள்ளலாம். சித்தி, அத்தை செய்யலாம். அப்பாவும் செய்யலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

செய்யும் விதம் இதுதான். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும். மார்போடு மார்பு படும்படி நிமிர்த்தி வைத்து, கைகாலைத் தவளை போல மடக்கி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வையுங்கள். மூக்கும் வாயும் மூடியிருக்கக் கூடாது. மெல்லிய பருத்திப் புடவைத் துணியால் கட்டினால் போதும். ஒரு தடவை எடுத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். சப்பிக் குடிக்க முடியாத பிள்ளைக்கு மருத்துவர் சொன்ன அளவில் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். குளிப்பாட்ட அவசரம் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆனதோடு இதை நிறுத்திவிடாதீர்கள். ஹரியானாவில் சுமார் 8,400 குழந்தைகளிடம் நடந்த இன்னொரு ஆய்வு, சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்த இடங்களில் முதல் மாத இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்ததை 2019இல் காட்டியது. நம் ஊரில் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது, குழந்தையை எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்று அவரிடம் காட்டுங்கள். சரியில்லை என்றால் திருத்திவிடுவார்.

பால் குடிப்பதை விட்டுவிட்டால், மூச்சு வேகமாக வாங்கினால், மார்பில் இருந்தும் பாதம் சில்லென்று இருந்தால், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானால், வலிப்பு வந்தால் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரையிலும், வண்டிக்குள்ளேயும் குழந்தை மார்பிலேயே இருக்கட்டும். வேறு சந்தேகங்களுக்கு 104. கூச்சப்படாமல் கேளுங்கள்.