பேச்சும் எண்ணிக்கையும்

பால் குறைந்ததைத் தராசு காட்டும். ஏன் குறைந்தது என்பதை மரம் சீவியவரே சொல்வார். குடும்ப மனநல ஆராய்ச்சிக்கும் இவ்விரண்டும் வேண்டும்.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர், மனச்சிதைவு நோயால் மருத்துவமனையில் சேர்ந்த 101 பேரின் உறவினரிடம் நெடுநேரம் பேசினர். சொல்லையும் குரலையும் கவனித்து, கடிந்த சொற்களை எண்ணினர். 1972-இல் முடிவு வெளிவந்தது. கடுஞ்சொல்லோ அளவுமீறிய பதற்றமோ மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில், ஒன்பது மாதத்துக்குள் நூற்றுக்கு 58 பேருக்கு நோய் மீண்டது. மற்ற வீடுகளில் 16 பேருக்கே. எதை எண்ணுவது என்பது பேச்சைக் கேட்டதால் தெரிந்தது. எண்ணியதால் அது உறுதிப்பட்டது.

உறவினரே நோயை உண்டாக்கினர் என்பதல்ல இதன் பொருள். மருந்தோடு, குடும்பத்துக்கும் விளக்கம் தந்து துணைநின்றால் நோய் மீள்வது குறையும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, மருத்துவர் குடும்பத்தாரை அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். வீட்டு நடப்பை மறைக்காமல் சொல்லுங்கள்.