வெறும் தண்ணியும் பிங்க் ஆச்சு

பாம்பன் கரையில வாங்கின மீன். அதோட ரத்தத்துல இருந்து பிரிச்ச பிளாஸ்மா, மொத்தமே 50 மைக்ரோலிட்டர், ஒரு துளி. நைட்ரிக் ஆக்சைடு உடம்புல சில விநாடிதான் தாங்கும். அது விட்டுட்டுப் போற நைட்ரைட்டைத்தான் அளப்போம். 1879-ல் பீட்டர் கிரீஸ் சொன்ன முறை. கடல் தண்ணியைச் சோதிக்கவும் இதே வேதியியல்தான். நைட்ரைட் இருந்தா பிங்க் நிறம் வரும்.

எனக்கு நல்ல பிங்க். ஒரே சந்தோஷம்! அப்புறம் பிளாஸ்மாவே சேர்க்காம, வெறும் தண்ணியில அதே மருந்தை ஊத்தினேன். அதுவும் பிங்க். கையுறை, வடிதாள், பேசும்போது தெறிக்கிற எச்சில், எதுல இருந்தும் நைட்ரைட் வந்திருக்கலாம். தண்ணியோட அளவைக் கழிச்சா மிஞ்சினது கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல.

அந்த ரிசல்ட்டை நான் எழுதல. மாதிரி துளியூண்டா இருந்தா, முதல்ல உங்க தண்ணியைச் சந்தேகப்படுங்க.